எதைப் பேணுகிறோம்?

இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையம் பட்டிப்பொல. அதைச் சூழ்ந்த நுவரெலியா மலைச்சாரல்களில், மரக்கறி மூட்டைகளைச் சுமந்தவாறு பழைய லாண்ட் ரோவர் வண்டிகள் இன்றும் ஏறுகின்றன. நான்கு சக்கரங்களும் உந்துவதால் சேறும் செங்குத்தான ஏற்றமும் அவற்றைத் தடுப்பதில்லை. போருக்குப் பின் எஃகு அரிதாயிருந்தமையால் அலுமினியக் கலப்புலோகத்தில் அமைந்த அவற்றின் மேனி, மழையில் எளிதில் அழிவதுமில்லை.

ஆர்வலர்கள் இவ்வண்டிகளைத் தேடி வாங்குகின்றனர். எந்த ஆண்டில் பிறந்தது, யார் யார் கையில் இருந்தது என்று பூர்வீகம் ஆராய்கின்றனர். பூர்வீகம் பழமையாயின் மதிப்பும் கூடுகிறது.

இவ்வண்டி உலகுக்கு அறிமுகமானது 1948இல். அதே ஆண்டில்தான் இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டமும் பிறந்தது. அதுவும் மலையகத் தொழிலாளியிடம் பூர்வீகமே கேட்டது: உன் தந்தை இங்கே பிறந்ததற்குச் சான்று எங்கே? சான்று காட்ட இயலாத இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். எஞ்சியோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் வர 2003 ஆயிற்று.

இரும்பைப் பேணுதல் பிழையன்று. தேய்ந்த பல்சக்கரத்தை மாற்றி வண்டியை ஓடவைக்கும் மெக்கானிக்கின் உழைப்பு போற்றத்தக்கதே. ஆயினும், பொருளின் பழமையைச் சிறப்பென மதிக்கும் சமூகம், மனிதனின் பழமையை ஏன் ஐயுற்றது? வண்டியின் வரலாற்றை எழுதுவோர், அது ஏறும் பாதையை வெட்டிய கைகளையும் எழுதட்டும். பழமையைப் பேணுதல் என்னும் சொல்லுக்கு அப்போதே முழுப்பொருள் கிட்டும்.