வரிசையில் நிற்க ஆள் இல்லாதவர்





பெற்ற தாய் மூச்சுத் திணறிக் கிடக்கும்போது ஒரு மகன் எதுவரை போகலாம்? எது கடமை, எது அடுத்தவர் பங்கைப் பறிப்பது? சாதாரண நாட்களில் இந்தக் கேள்வி யாருக்கும் வருவதில்லை. கடையில் மருந்து இருக்கிறது, காசு கொடுத்தால் கிடைக்கிறது. நோயாளிகள் பெருகி மருந்து குறையும் காலத்தில்தான் இது வாசலில் வந்து நிற்கிறது. 2021-ம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில், கொரோனாவின் இரண்டாம் அலையில், அப்படி வந்தது. அந்த நாட்களில் தங்கள் வீட்டில் என்ன செய்தார்கள் என்பதைப் பலர் இன்றும் வெளியே பேசுவதில்லை. பேசாமல் விட்டதால் கேள்வி தீர்ந்துவிடவில்லை. இன்னொரு கொள்ளைநோய் வந்தால் அதே கேள்வி அதே வாசலில் நிற்கும்.

அப்போது எல்லோர் வாயிலும் இருந்த பெயர் ரெம்டெசிவிர். முதல் நாள் இரண்டு குப்பி, அடுத்த நான்கு நாட்களும் நாளுக்கு ஒன்று, ஆக ஒரு நோயாளிக்கு 6 குப்பி. ஏப்ரல் கடைசியில் சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியில் அரசே இதை நேரடியாக விற்கத் தொடங்கியது. குப்பி ஒன்று 1,568 ரூபாய். டாக்டர் எழுதிய சீட்டு, பரிசோதனை முடிவு, நெஞ்சு ஸ்கேன், ஆதார் அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு ஆட்கள் முந்தின இரவே வந்து சாலையோரம் படுத்தார்கள். வெளியூர்களிலிருந்தும் வந்தார்கள். பிறகு மதுரை, திருச்சி, கோவை, சேலம், நெல்லை ஊர்களிலும் விற்பனை தொடங்கியது. கன்னியாகுமரி மாவட்டத்துக்காரருக்கு அதில் பக்கத்தில் இருந்தது நெல்லை. நாகர்கோவிலிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர், அதுவும் ஊரடங்குக் காலத்தில். நோயாளிக்குப் பக்கத்தில் இருந்து பார்த்தவரே வரிசையிலும் வந்து நின்றார். தொற்றைத் தடுக்க ஊரை அடைத்துவிட்டு, மருந்துக்காக ஆயிரம் பேரை நெருக்கி நிற்க வைத்தது அந்த ஏற்பாடு.

அந்த வரிசையில் நின்றவர்களைச் சுயநலக்காரர்கள் என்று சொன்னவர்கள் உண்டு. அது நியாயமான பேச்சு இல்லை. நோயில் விழுந்த ஒருவருக்கு முதல் காவல் அவருடைய வீட்டார்தான். ராத்திரி மூன்று மணிக்கு மூச்சு ஏறி இறங்குவதைக் கவனிக்கிறவர் மகளோ மருமகளோதான், ஊரார் இல்லை. உலகத்தையெல்லாம் ஒன்றாகப் பாவிக்கிறேன் என்று சொல்லிவிட்டுச் சொந்தத் தகப்பனாருக்கு ஒரு வாய் கஞ்சி கொடுக்காதவரை யாரும் தர்மவான் என்று சொல்லமாட்டார்கள். ஆகவே ஓடியது தப்பில்லை. ஓடும்போது யாரை மிதித்தோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

தாங்கலில் அன்னம் விளம்புகிறவருக்கு இது நன்றாகத் தெரியும். அண்டா நிறைய இருக்கும்போது எவருக்கு எவ்வளவு போட்டாலும் கேள்வி இல்லை. பந்தி நீண்டு அண்டா அடிதெரியும்போது அவர் பந்தியின் கடைசி இலைவரை ஒரு பார்வை பார்த்துக்கொண்டு அகப்பையைச் சற்றுக் குறைக்கிறார். அந்த நேரத்தில் அவருடைய சொந்தக்காரர் முன்னால் இருந்து, இன்னும் கொஞ்சம் போடும் என்று கண் காட்டினால் என்ன செய்வார்? நிறைந்திருந்த நேரத்தில் அன்பாக இருந்த அதே கூடுதல் அகப்பை, குறைந்த நேரத்தில் கடைசி இலையிலிருந்து எடுத்ததாகிவிடுகிறது. எண்ணி வைத்த மருந்தும் அப்படித்தான். ஒவ்வொரு குப்பிக்குப் பின்னாலும் இன்னொரு கட்டில் இருக்கிறது.

ஒரே வார்டில் இரண்டு கட்டில் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் மூன்று ஆண்மக்களைப் பெற்ற பெரியவர். ஒரு மகன் வரிசையில், ஒரு மகன் போனில், ஒரு மகன் ஆஸ்பத்திரி வாசலில். அடுத்த கட்டிலில் பிள்ளைகள் தூரதேசத்தில் வேலை பார்க்கும் ஒரு விதவைத் தாய். அவருக்கும் அதே சீட்டைத்தான் டாக்டர் எழுதிக் கொடுக்கிறார். அந்தச் சீட்டு தலையணைக்குக் கீழே அப்படியே கிடக்கிறது. நோய் இருவருக்கும் ஒன்று. இருவருக்கும் உள்ள வித்தியாசம் ஓட ஆள் இருந்ததும் இல்லாததும் மட்டும். அந்த மூன்று மகன்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. ஆனாலும் அந்தத் தாய்க்கு அநியாயம் நடந்துவிட்டது. யாரும் கெட்டவராக இல்லாமலே ஓர் அநியாயம் நடக்க முடியும் என்பதை அந்த இரண்டு மாதங்கள் காட்டின.

இதற்கு அடுத்த படி கள்ளச்சந்தை. 1,568 ரூபாய்க் குப்பியைப் பல மடங்கு விலை கொடுத்து வாங்கியவர்கள், நஷ்டம் என் பைக்குத்தானே, அடுத்தவருக்கு என்ன என்று கேட்டார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் குப்பி எங்கிருந்து வந்தது? நோயாளிக்குப் போடவேண்டிய மருந்தை ஆஸ்பத்திரியிலிருந்தே கடத்தி விற்றதாக நாட்டின் பல இடங்களில் ஆட்கள் கைதானார்கள். வெளியே கொடுத்த கூடுதல் விலை ஒரு கயிறு மாதிரி. அதன் மறுமுனை யாரோ ஒருவருடைய கட்டிலில் கட்டியிருந்தது. போதாததற்கு, குஜராத்தில் குளுக்கோசையும் உப்பையும் நிரப்பிய போலிக் குப்பிகள் பிடிபட்டன. நிலத்தை அடகு வைத்து உப்புத் தண்ணீர் வாங்கிய குடும்பங்களும் இருந்திருக்கும்.

சிபாரிசு இதைவிடச் சிக்கலானது, ஏனென்றால் அதைத் தப்பென்றே யாரும் நினைப்பதில்லை. தெரிந்த அதிகாரி ஒருவர் இருக்கிறார், ஒரு போன் போட்டால் என்ன? இங்கே ஒரு சிறு வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ளலாம். எந்த ஆஸ்பத்திரியில் கட்டில் காலி, எந்தக் கவுண்டரில் இன்று மருந்து வரும், எந்தத் தாள் வேண்டும் என்று கேட்பது வழி கேட்பது. அதை எத்தனை பேரிடமும் கேட்கலாம், கேட்டு அறிந்ததை வரிசையில் பின்னால் நிற்பவருக்கும் சொல்லலாம். எங்களுக்கு முதலில் தரச் சொல்லுங்கள் என்று கேட்பது இடம் கேட்பது. அந்த இடம் ஏற்கெனவே இன்னொருவருடையது. முன்னதைப் பத்துப் பேர் கேட்கும்படி உரக்கச் சொல்லலாம். பின்னதைச் சொல்லும்போது குரல் தானாகவே தாழ்ந்துவிடும்.

பதுக்கலும் உண்டு. வீட்டில் யாருக்கும் நோய் இல்லாதபோதே, பிறகு கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று மருந்தையும் ஆக்சிஜன் சிலிண்டரையும் வாங்கி வைத்த வீடுகள். பயத்தில் செய்தார்கள், அந்தப் பயம் புரிகிறது. ஆனால் நோயில்லாத வீட்டுப் பரணில் இருந்த சிலிண்டர் அந்த இரவில் ஒருவருக்கும் மூச்சு கொடுக்கவில்லை. சொன்னவற்றில் ஒரு சாக்கும் சொல்ல முடியாதது இதுதான்.

ஒருவர் கேட்கலாம்: “சாகக் கிடப்பது என் அம்மா. உங்கள் தர்மக்கணக்கு எனக்கு எதற்கு?” இதற்குச் சுலபமான பதில் கிடையாது, சுலபமாகப் பதில் சொல்கிறவர் அந்த நிலையில் நின்றவரும் இல்லை. அப்படி முந்திப்போன மகனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேறொரு மகனுக்கு யோக்கியதை வராது. ஆனால் மன்னிக்கத் தக்கது வேறு, சரியானது வேறு. முந்திப்போனவர், இதுதான் சாமர்த்தியம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கும்போது அந்த மன்னிப்பும் தீர்ந்துபோகிறது.

இதில் வேதனையான ஒரு விஷயம், அத்தனை பேர் உயிரைக் கொடுத்துத் தேடிய அந்த மருந்தின் பலன். ஆஸ்பத்திரியில் சேர்ந்த நோயாளிகளின் சாவை இது குறைப்பதற்குச் சான்று இல்லை, கொடுக்கவேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே சொல்லியிருந்தது. 2022-ல் புதிய ஆய்வுகளைப் பார்த்துச் சிலருக்குக் கொடுக்கலாம் என்று திருத்தியது. ஆனால் 2020 ஜூனிலேயே, ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் நடத்திய ரெக்கவரி ஆய்வில், டெக்சாமெத்தசோன் என்ற பழைய, மலிவான மருந்து வென்டிலேட்டரில் இருந்தவர்களின் சாவை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களின் சாவை ஐந்தில் ஒரு பங்கும் குறைத்தது தெரிந்திருந்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலன் இல்லை, டாக்டர் சொல்லாமல் தொடக்கூடாத மருந்து அது. அதற்கு யாரும் வரிசையில் படுக்கவில்லை. கிடைக்காத பொருளுக்கு மனது தானே ஒரு மகிமையை ஏற்றிவிடுகிறது. சீட்டை வாங்கியதும் ஓடாமல், “இது என் அம்மாவுக்கு இன்று கட்டாயமா, கிடைக்காவிட்டால் வேறு என்ன செய்வீர்கள்?” என்று டாக்டரிடம் கேட்டிருந்தால் சிலர் அந்த நேரத்தில் கட்டிலருகே இருந்திருக்கலாம்.

அதற்காக, மருந்தில் பலன் குறைவு, ஆகவே முந்தியதால் யாருக்கும் நஷ்டம் இல்லை என்று கணக்கை முடித்துவிடக் கூடாது. அதே மே மாதத்தில் கரும்பூஞ்சை நோய் பரவியது. அதற்கு அம்போடெரிசின் உண்மையிலேயே வேண்டிய மருந்து, அதுவும் தட்டுப்பாடானது. அங்கே ஒருவர் முந்தியது இன்னொருவர் கண்ணையோ உயிரையோ பறித்திருக்க முடியும்.

அப்படியானால் யார் தீர்மானிப்பது? இரண்டாம் உலகப்போர் காலத்தில் பெனிசிலின் புதிதாக வந்தபோது, பெரும்பகுதி படைவீரர்களுக்குப் போனது. பொதுமக்களுக்கு மிஞ்சியது மிகக் கொஞ்சம். அமெரிக்காவில் அந்தக் கொஞ்சத்தைப் பங்கிடும் பொறுப்பு பாஸ்டன் நகரத்து டாக்டர் செஸ்டர் கீஃபர் என்பவரிடம் இருந்தது. நாடு முழுவதுமிருந்து விண்ணப்பங்கள் வந்தன. நோய் என்ன, மற்ற மருந்து கேட்காமல் போனதா, பெனிசிலினுக்கு அந்தக் கிருமி அடங்குமா என்பதை வைத்தே கொடுப்பது என்று விதி வைத்துக்கொண்டார்கள். எத்தனையோ பேருக்கு இல்லை என்றும் சொல்லவேண்டியிருந்தது. கல்நெஞ்சு என்று தோன்றும். ஆனால் அந்த விதி இருந்ததால், கெஞ்சத் தெரியாதவருடைய காகிதமும் மற்றவர் காகிதத்தோடு சேர்த்துப் படிக்கப்பட வழி இருந்தது.

தமிழ்நாட்டிலும் 2021 மே நடுவில் கூட்டம் தாங்காமல் கவுண்டர் விற்பனையை நிறுத்தி, மருந்தை நேராக ஆஸ்பத்திரிகளுக்கே கொடுக்க அரசு முடிவு செய்தது. ஆஸ்பத்திரி கேட்க, ஆஸ்பத்திரிக்கே போகும் ஏற்பாடு. தட்டுப்பாடு ஒரே நாளில் தீரவில்லை. ஆனால் தலையணைக்குக் கீழே கிடந்த சீட்டுக்கும் ஒரு கால் முளைத்தது. இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். சாதி பார்க்காமல் எல்லோரும் வந்து தண்ணீர் எடுத்துக் குடித்த முத்திரிக் கிணற்றை அறிந்த மக்களுக்கு, பலசாலிக்கு முதலில் என்று இல்லாத ஓர் ஏற்பாடு எவ்வளவு பெரிய காரியம் என்று விளக்கவேண்டியதில்லை.

அரசு செய்வதை அரசு செய்யட்டும். தாங்கல்களில் முடிகிற காரியங்களும் இருக்கின்றன, அதற்குப் பெரிய பணம் வேண்டாம். ஊரில் தனியாக இருக்கும் முதியோர் யார் யார், அவர்களுக்கு ஆஸ்பத்திரிக்குத் துணை போக யார் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம். மகன்கள் வெளிநாட்டில், மகள் வேறு மாவட்டத்தில் என்று உள்ள வீடுகளை அதில் முதலில் எழுதவேண்டும். ஆதார் அட்டை நகலும், ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளின் பெயரும் அந்த வீடுகளில் கைக்கெட்டும் இடத்தில் ஓர் உறையில் இருக்கட்டும். மருந்துக்கு ஒருவர் நெல்லைக்குப் போவதானால் அடுத்த கட்டில்காரரின் சீட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டு போகலாம், கவுண்டரில் ஒப்புக்கொண்டால் சரி. நோயாளி குணமாகியோ இறந்தோ மருந்து மிஞ்சினால் வீட்டுக்குக் கொண்டுவராமல், விற்காமல், அன்றே வார்டு டாக்டரிடம் ஒப்படைக்கலாம். துக்க வீட்டில் அதை நினைவில் வைத்திருக்க யாராலும் முடியாது. துணை போன பணிவிடைக்காரர் அதைக் கேட்டு எடுத்துக் கொடுக்க வேண்டும்.