பள்ளம் யாருக்கு?

தன் நிலத்தில் அரசு என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்கிறார்கள். அது எப்போது, எப்படி அரசின் நிலமானது என்று கேட்டால் மட்டும் வாயை மூடச் சொல்கிறார்கள். இது அறமா?

அமெரிக்காவின் அரிசோனாவில் ஓக் பிளாட் என்றொரு மேட்டுநிலம். அப்பாச்சிப் பழங்குடிகள் ஓக் கொட்டை பொறுக்குகிற இடம், வயசுக்கு வந்த பெண்ணுக்கு நாலு நாள் சடங்கு செய்கிற இடம். கோபுரமில்லை, மதிலில்லை. 19ஆம் நூற்றாண்டில் படையை ஏவி அவர்களைத் துரத்தி ஒதுக்கிடத்தில் அடைத்தார்கள். மேடு அரசாங்கச் சொத்தாகிவிட்டது. புறம்போக்கு என்று எழுதிவைத்த கதை நமக்குத் தெரியாததா என்ன!

1955இல் ஐசனோவர் அரசு அங்கே சுரங்கம் கூடாதென்றது. 2014 டிசம்பரில், ராணுவத்துக்கான சட்டத்துக்குள் ஒரு பிரிவைச் செருகி, ரியோ டின்டோ, பிஎச்பி கம்பெனிகளின் கூட்டு நிறுவனத்துக்கு நிலத்தை மாற்றிக்கொடுக்க வழிசெய்தார்கள்.

செம்பு கிடப்பது ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில். அங்கே பாறையே 80 டிகிரி சூடு. தாதுவின் அடியை வெடிவைத்துக் குடைந்துவிட்டால் மேலிருப்பது தன் கனத்திலேயே நொறுங்கி விழும். அடியிலிருந்து அள்ள அள்ள மேலே தரை உள்வாங்கும். கடைசியில் சுமார் 3 கிலோமீட்டர் அகலம், 300 மீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் விழுமென்று அரசின் ஆய்வறிக்கையே சொல்கிறது. ஓக் பிளாட் அதற்குள் போய்விடும். தோண்டிய இடத்தை நிரப்பிக்கொண்டே போகிற முறையும் உண்டு. கட்டுப்படியாகாதென்று தள்ளிவிட்டார்கள். ஆக, பள்ளம் என்பது மிச்சம் பிடித்த காசு.

செம்பு வேண்டாமா என்பார்கள். வேணுந்தான், நம் வீட்டுக் கம்பியும் செம்புதான். பக்கத்துச் சுப்பீரியர் ஊரில் வேலைக்குக் காத்திருக்கிறவர்களை எதிரியாக்கிப் பேச எனக்குச் சம்மதமில்லை. தேவை எல்லாருக்கும் என்கிறபோது, இழப்பு மட்டும் ஏற்கெனவே இழந்தவன் வாசலையே தேடிப்போவது ஏன்?

2024 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம், 6க்கு 5 என்ற கணக்கில், அரசு தன் நிலத்தைக் கைமாற்றுவது மதத்தை விடச்சொல்லி வற்புறுத்துவதாகாது என்றது. நம்பிக்கையை வச்சுக்கோ, இடத்தைக் கொடு! 1852ஆம் ஆண்டு ஒப்பந்தத்தைக் காட்டியும் வாதாடிப் பார்த்தார்கள், எடுபடவில்லை. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்கவே மறுத்தது. மறுப்பை எதிர்த்த நீதிபதி கோர்சச், பழைய தேவாலயம் ஒன்றை இடிக்க அரசு கிளம்பியிருந்தால் இப்படி விட்டிருப்போமா என்ற பொருளில் எழுதினார். சரியான கேள்வி, ஆனால் பாதிக் கேள்வி. தேவாலயத்துக்குச் சொந்தக்காரன் இருக்கிறான். இங்கே சொந்தக்காரனையே அழித்துத்தானே பத்திரம் எழுதியது?

அந்த 2014 சட்டப்படி, ஓக் பிளாட்டை உள்ளடக்கிய 2,400 ஏக்கருக்கு ஈடாகக் கம்பெனி 5,000 ஏக்கருக்கு மேல் வேறு இடங்களில் நிலம் தரவேண்டும். அரசுக்குத்தான். அப்பாச்சிகளுக்கு இல்லை.