குறையும் திரிபும்

வீட்டில் கணினித் திரைக்கு முன் உட்கார்ந்து சிறு விமானம் ஓட்டிப் பழக விரும்புகிறவர்கள், கட்டுப்பாட்டுக் கருவிகளைப் பெரும்பாலும் ஒரே அளவுகோலால் அளக்கிறார்கள்: அசலுக்கு எது அதிக நெருக்கம்? 1956-இல் விற்பனைக்கு வந்து, இதுவரை 44,000-க்கும் மேல் தயாரிக்கப்பட்டிருக்கும் செஸ்னா 172-இல் விமானியின் கைக்கு வருவது யோக் எனப்படும் கைப்பிடிச் சக்கரம். ஆகவே ஜாய்ஸ்டிக் விளையாட்டுப் பொருள், யோக் பயிற்சிப் பொருள் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். உருவ ஒற்றுமையை உண்மை என்று எடுத்துக்கொள்ளும் இந்த அவசரம் எனக்கு உடன்பாடில்லை. நம் தருக்க மரபு அறியாமையையும் திரிபையும் வேறுவேறாக வைத்தது. இருட்டில் கயிற்றையே பார்க்காதவனுக்கு விளக்கு காட்டினால் போதும். அதைப் பாம்பென்று கண்டு ஓடியவனுக்கோ முதலில் பாம்பைப் போக்க வேண்டும், பிறகுதான் கயிற்றைக் காட்ட முடியும். பயிற்சிக் கருவியிடமும் கேட்க வேண்டியது இதுவே. அது சொல்லாமல் விடுவது எவ்வளவு என்பதைவிட, தவறாகச் சொல்லித்தருவது எது என்பது முக்கியம்.

யோக்கையே எடுத்துக்கொள்வோம். செஸ்னா போன்ற விமானத்தில் கைக்கு வரும் எதிர்ப்பு, வால்பகுதித் தகட்டின் மேல் மோதும் காற்றிலிருந்து கம்பிவடம் வழியாக வருகிறது. வேகம் கூடினால் பிடி இறுகும், குறைந்தால் தளரும். மானியைப் பார்க்காமலே வேகம் விழுவதை விமானியின் கை உணர்வது இதனால்தான். வீட்டு யோக்கில் பெரும்பாலும் இருப்பது ஒரு ஸ்பிரிங். அதற்குக் காற்றைத் தெரியாது. நிறுத்தி வைத்திருக்கும் விமானத்திலும் 100 நாட் வேகத்தில் பறக்கும் விமானத்திலும் அது ஒரே பலத்தோடு நடுவுக்கு இழுக்கும். டிரிம் சக்கரத்தில் இது இன்னும் மோசம். அசலில் விமானி யோக்கை வேண்டிய இடத்தில் பிடித்துக்கொண்டு, கையின் பாரம் மறையும்வரை டிரிம்மைத் திருப்புகிறார். கை இருந்த இடத்திலேயே இருக்கிறது. வீட்டிலோ டிரிம்மைத் திருப்பத் திருப்பக் கையை நடுவுக்குத் தளர்த்திக்கொண்டே வர வேண்டும். செயலின் வரிசையே மாறிப்போகிறது. உருவத்தில் அசலை உரித்து வைத்திருக்கும் கருவி, தொடுகையில் பொய் சொல்கிறது. ஸ்பிரிங் மெலிந்த சாதாரண ஜாய்ஸ்டிக் ஏறத்தாழ ஒன்றுமே சொல்வதில்லை. அந்த மௌனத்தை நான் மதிக்கிறேன்.

நெருக்கம் போதாததுதான் கோளாறு, மோட்டார் வைத்து விசையைத் திருப்பித்தரும் விலையுயர்ந்த கருவியை வாங்கினால் சரியாகிவிடும் என்று ஒருவர் சொல்லலாம். ஓரளவு சரிதான். ஆனால் அந்தக் கருவி உண்மையைச் சொல்வது, பின்னால் இருக்கும் கணக்கு உண்மையாக இருக்கும் மட்டும்தான். 2001 நவம்பர் 12 அன்று நியூயார்க்கில் கிளம்பிய அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 587, ஏர்பஸ் ஏ300-600 ரகம், முன்னே சென்ற விமானத்தின் காற்றுச் சுழலில் சிக்கியது. துணை விமானி சுக்கான் மிதிகளை மாற்றி மாற்றி முழுதாக மிதித்தார். செங்குத்து வால் முறிந்து விமானம் விழுந்தது. தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 265 பேர் மாண்டனர். தேவையற்ற, மிகையான மிதிப்பே காரணம் என்றது அமெரிக்க விசாரணை வாரியம். கூடவே, வேகம் கூடும்போது சிறு மிதிப்புக்கே எல்லைவரை போய்விடும் அந்த விமானத்தின் சுக்கான் அமைப்பையும், நிறுவனத்தின் பயிற்சித் திட்டத்தையும் துணைக் காரணங்களாகச் சேர்த்தது. அந்தப் பயிற்சியின் சிமுலேட்டர் பாடத்தில், விமானம் பெரிதாகச் சரிய வேண்டும் என்பதற்காகவே விமானியின் கட்டளைகளின் பலன் சிறிது நேரம் அடக்கி வைக்கப்பட்டிருந்தது. விமான நிறுவனங்களின் சிமுலேட்டருக்கு முன் வீட்டு யோக் எம்மாத்திரம்? அங்கேயே கயிறு பாம்பாகத் தெரிந்திருக்கிறது. நெருக்கம் கூடும்போது நம்பிக்கையும் கூடுவதால், திரிபு இன்னும் ஆழமாக இறங்குகிறது.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. சைக்கிள் ஓட்டுகிறவர் தாம் எப்படி விழாமல் போகிறார் என்பதைச் சொல்லால் விளக்க முடியாது, அந்த அறிவு உடம்பில் இருக்கிறது என்று 1958-இல் எழுதினார் தத்துவ அறிஞர் மைக்கேல் போலானி. அப்படியானால் உடம்பைத் தொடாத பயிற்சி எதற்கு? இதற்கு விமானத்தின் வரலாறே பதில் வைத்திருக்கிறது. அமெரிக்காவின் பிங்காம்டனில் ஆர்கன் இசைக்கருவித் தொழிலில் வளர்ந்த எட்வின் லிங்க், 1920-களின் கடைசியில் காற்றுத் துருத்திகளை வைத்து ஒரு பயிற்சிப் பெட்டி செய்தார். குட்டைச் சிறகு ஒட்டிய அந்தப் பெட்டியை முதலில் வாங்கியவர்களில் கேளிக்கைப் பூங்காக்காரர்களும் உண்டு. 1934-இல் அமெரிக்க ராணுவ விமானிகள் மோசமான வானிலையில் தபால் சுமந்து பலர் இறந்த பிறகுதான் ராணுவம் ஆறு பெட்டிகளை வாங்கியது. பொம்மைபோல் இருந்த பெட்டி உயிர் காக்கும் கருவியாக முடிந்ததற்குக் காரணம் எளிது. மேகத்துக்குள் உடம்பின் சாட்சி செல்லாது. திருப்பம் மெதுவாக இருந்தால் உட்காது அதை நேர்ப்பறப்பு என்றே நம்பும். அங்கே விமானி கற்க வேண்டியது உடம்பை மறுத்து மானிகளை நம்புவதை. ஆடாத நாற்காலி அங்கே பெரிய குறையல்ல. ஏமாற்றும் உடம்பை எதிர்த்து நிற்கும் துணிவை மட்டும் அது தராது.

சைவ சித்தாந்தம் கருட பாவனையை உவமையாகச் சொல்லும். தன்னைக் கருடனாகப் பாவிக்கும் மந்திரவாதியின் முன் விடம் இறங்குகிறது. அதனால் அவன் கருடனாகிவிடுவதில்லை. பாவனைக்குப் பலன் உண்டு, எல்லையும் உண்டு, எல்லையை அறிந்தவனுக்குத்தான் பலன் கைகூடும். வீட்டுக் கருவியை இந்தக் கண்ணால் பார்த்தால் செலவின் வரிசையே மாறும். முதல் பணம் மிதிகளுக்குப் போக வேண்டும். ஜாய்ஸ்டிக்கின் தண்டை முறுக்கிச் சுக்கானை ஆட்டுகிறவர், காலின் வேலையைக் கைக்கு எழுதிக்கொடுக்கிறார். இது குறையல்ல, அசல் திரிபு. புறப்படும்போது இடப்பக்கம் இழுக்கும் செஸ்னாவை வலக்கால் தானாக அழுத்திப் பிடிக்க வேண்டிய நேரத்தில் அவர் மணிக்கட்டு முறுக்கப் பார்க்கும். அடுத்து, கை நீட்டும் இடத்தில் த்ராட்டில் நெம்புகோலும் டிரிம் சக்கரமும். யோக்கின் பளபளப்புக்குக் கடைசி இடம் போதும்.

பாவனை பலன் தரும் இடத்துக்கும் அதன் எல்லைக்கும் உள்ள இந்த வேறுபாட்டை அமெரிக்க விமான விதிகளிலும் காணலாம். ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டிய ஆறு மானிவழி இறங்குமுறைகளை, அங்கீகாரம் பெற்ற மேசைப் பயிற்சிக் கருவியிலேயே செய்து கணக்கில் சேர்க்கலாம். பயணி ஒருவரை ஏற்றிச் செல்ல 90 நாளுக்குள் மூன்று முறை கிளம்பி இறங்கியிருக்க வேண்டும். அந்த மூன்றையும் இத்தகைய மேசையில் முடித்துக்கொள்ள முடியாது.