உங்கள் வண்டியை நீங்களே இழுங்கள்!

அச்சு வரை சேற்றில் புதைந்த வண்டிக்குள் உட்கார்ந்து, "யாராவது வருவார்கள்" என்று சொல்லிக்கொண்டிருப்பவரைப் பார்த்திருக்கிறீர்களா? வருவார்கள். வராமலும் போவார்கள். அதுவரைக்கும் அவர் என்ன செய்கிறார் என்பதுதான் என் கேள்வி. ஆக்சிலேட்டரை மிதிக்கிறார். சக்கரம் சுழல்கிறது, சேறு தெறிக்கிறது, வண்டி இன்னும் ஓர் அங்குலம் கீழே போகிறது. மறுபடியும் மிதிக்கிறார். முயற்சி செய்கிறோம் என்ற நினைப்பு அவருக்கு. தன் குழியைத் தானே ஆழமாக்கிக்கொள்கிறார்!

அவர் வைத்திருப்பது சாதாரண வண்டியும் அல்ல. சைடு-பை-சைடு என்று அமெரிக்காவில் சொல்கிறார்களே, ஓட்டுபவரும் கூட வருபவரும் காரில் போலப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஸ்டியரிங் பிடித்து, காட்டிலும் பாறையிலும் ஓட்டுகிற திறந்த வண்டி, அதுதான். பொலாரிஸ் ரேஞ்சர், பொலாரிஸ் ஆர்.இசட்.ஆர்., கேன்-ஆம் மேவரிக், ஹோண்டா பயனியர் என்று வரிசையாக நிற்கும். இருபதாயிரம் டாலரைத் தாண்டும் மாடல்கள் பல. அத்தனை பணம் கொட்டி வாங்கியவர், அதைக் குழியிலிருந்து எடுக்கும் வழியை மட்டும் அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டுக் காட்டுக்குள் போகிறார். இதைத் துணிச்சல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மேற்கு வர்ஜீனியாவின் தென்பகுதி மலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். நிலக்கரி வெட்டியே வாழ்ந்த ஊர்கள். சுரங்க வேலைகள் குறைந்துகொண்டே போனபோது, "போச்சு, எல்லாம் போச்சு" என்று அவர்கள் திண்ணையில் உட்கார்ந்துவிடவில்லை. கரி ஏற்றிய பழைய பாதைகளையும் மரம் வெட்டிய பாதைகளையும் இணைத்து, இந்த வண்டிகள் ஓடும் தடங்களாக்கினார்கள். 1996-ல் மாநிலச் சட்டமன்றம் அதற்கென்று ஓர் ஆணையத்தை அமைத்தது. 2000-ல் தடங்கள் திறக்கப்பட்டன. 19-ஆம் நூற்றாண்டில் டக் ஃபோர்க் ஆற்றின் இரு கரைகளிலும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்ட இரண்டு குடும்பங்களின் பெயரால் அவை ஹாட்ஃபீல்ட்-மெக்காய் தடங்கள் என்று அழைக்கப்படுகின்றன. இன்று ஆயிரம் மைலுக்கும் மேல் நீள்கின்றன. அனுமதிச் சீட்டும் ஹெல்மெட்டும் இல்லாமல் உள்ளே போக முடியாது. அந்த மலை இடுக்குகளில் பல இடங்களில் செல்போனில் ஒரு கோடுகூட எழாது. மழை பெய்த மறுநாள் பள்ளங்களில் களிமண் வண்டியை விடாமல் பிடித்துக்கொள்ளும். அங்கே உங்கள் பதவி, சம்பளம், படிப்பு எதுவும் வண்டியை ஓர் அடி நகர்த்தாது. முன் பம்பரில், கயிற்றைச் சுருட்டி வண்டியை இழுக்கும் ஒரு வின்ச் இருந்தால், அதைப் பயன்படுத்தத் தெரிந்திருந்தால், நகரும்.

வின்ச் பிறந்த கதையிலும் இதே பிடிவாதம்தான். ஆர்தர் வார்ன் என்பவர் 1948-ல் சியாட்டிலில், போரில் ஓடிக் களைத்துக் கைமாறி வந்த ஜீப்புகளை ஊர்ச்சாலையில் ஒழுங்காக ஓட வைக்கும் சக்கரக் குடப் பூட்டுகளைச் செய்யத் தொடங்கினார். அவருடைய நிறுவனம் 1959-ல் பொழுதுபோக்கு வாகனங்களுக்கான மின்சார வின்ச்சைக் கொண்டுவந்தது. இன்று நம் வண்டிக்கு வரும் வின்ச் கையடக்கமானது. ஒரு மோட்டார், ஒரு டிரம், இரண்டுக்கும் நடுவே மோட்டாரின் வேகத்தைக் குறைத்து வலுவைக் கூட்டும் கோள் பற்சக்கரங்கள். அவ்வளவுதான் சங்கதி. இதைக் கண்டா பயப்படுகிறீர்கள்?

முதலில் தேர்வு. கடைக்காரரிடம் "எது நல்லது?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வியைக் கேட்ட நொடியில் முடிவு உங்கள் கையை விட்டுப் போய்விடுகிறது. "என் வண்டி இவ்வளவு எடை, எனக்கு இவ்வளவு இழுவிசை வேண்டும்" என்று சொல்லுங்கள். அதற்குக் கணக்கு வேண்டும். வின்ச் உலகத்தின் பழைய விதி இது: சுமையேற்றிய வண்டியின் மொத்த எடையை 1.5-ஆல் பெருக்குங்கள். வெறும் வண்டியின் எடை பயன்படாது. விளம்பரத்தில் போடுவது பெரும்பாலும் பெட்ரோலும் எண்ணெயும் இல்லாத உலர் எடை. காட்டில் சிக்கப்போவது அந்த வண்டியா? நீங்கள், உங்கள் நண்பர், டேங்க் நிறையப் பெட்ரோல், ஐஸ் பெட்டி, ஸ்டெப்னி, கருவிப்பெட்டி அத்தனையும் சேர்ந்துதான் சிக்கும்.

இரண்டு பேர் உட்காரும் வண்டி 650 கிலோ என்று வையுங்கள். ஆட்கள் 160, பெட்ரோல் 30, சாமான் 60. ஆக 900 கிலோ. ஒன்றரை மடங்கு 1,350 கிலோ. வின்ச்சை ராத்தலில்தான் விற்கிறார்கள். இது ஏறத்தாழ 2,980 ராத்தல். 2,500 ராத்தல் வின்ச் போதாது, 3,500 தாராளம். நான்கு பேர் உட்காரும் வண்டிக்கு எல்லாம் சேர்த்து 1,250 கிலோ என்றால் ஒன்றரை மடங்கு 1,875 கிலோ, அதாவது 4,130 ராத்தலுக்குச் சற்று மேல். 4,500 வாங்குங்கள். பக்கத்து வீட்டுக்காரர் 6,000 மாட்டிவிட்டார் என்பதற்காக நீங்களும் மாட்டாதீர்கள். கூடுதல் எடை முன் சஸ்பென்ஷனில் ஏறும், சின்ன பேட்டரியிலிருந்து கூடுதல் மின்சாரம் உறிஞ்சும், உங்கள் வண்டிக்கான மவுன்ட் தகட்டில் பொருந்தாமலும் போகலாம். தன் எடை தெரியாதவன்தான் அடுத்தவனைப் பார்த்து வாங்குவான்.

பெட்டியில் அச்சிட்ட எண்ணில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 4,500 ராத்தல் என்பது டிரம்மில் கயிறு முதல் அடுக்கில் இருக்கும்போது கிடைக்கும் விசை. மேலே அடுக்கு ஏற ஏற டிரம்மின் விட்டம் பெருக்கிறது, இழுவிசை குறைகிறது. கடைசி அடுக்கில் கால் பங்கோ அதற்கு மேலோ காணாமல் போயிருக்கும். அருகிலுள்ள மரத்தில் கொக்கியை மாட்டி, "புது வின்ச், ஆனால் இழுக்கவில்லை" என்று கம்பெனியைத் திட்டுபவர்கள் இந்த ஒரு விஷயம் தெரியாதவர்கள். கயிற்றை நீளமாக இழுத்துத் தூரத்து மரத்தில் கட்டுங்கள். அல்லது ஒரு ஸ்னாட்ச் பிளாக், அதாவது பக்கவாட்டில் திறந்து கயிற்றை நுழைக்கும் கப்பி, எடுத்துப்போங்கள். மரத்தில் கப்பியை மாட்டி, கயிற்றை அதில் சுற்றித் திரும்பக் கொண்டுவந்து வண்டியின் சட்டகத்திலேயே கொக்கியைப் போட்டால், வேகம் பாதியாகும், விசை ஏறத்தாழ இரட்டிப்பாகும். ஆர்க்கிமிடீசுக்குத் தெரிந்த வித்தை. இருபதாயிரம் டாலர் வண்டியில் அந்தக் கப்பியை மறந்து வருபவர்கள் எத்தனை பேர்!

கயிற்றில் எஃகும் உண்டு, செயற்கை இழையும் உண்டு. என் தீர்ப்பை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: காட்டில் ஓட்டுபவருக்குச் செயற்கைக் கயிறுதான். எடை குறைவு, கையைக் கிழிக்காது, அறுந்தால் எஃகு அளவுக்குச் சீறி அடிக்காது. ஆனால் அதற்கு வெயில் ஆகாது, கூரான பாறை ஆகாது, சூடும் ஆகாது. அந்த இழை ஏறத்தாழ 150 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். டிரம்முக்குள்ளேயே பிரேக் உள்ள வின்ச்சில் வண்டியைச் சரிவில் நெடுநேரம் கயிற்றோடு இறக்கினால் டிரம் சூடேறும் என்பதை நினைவில் வையுங்கள். கயிறு வெளியே வரும் வாயான ஃபேர்லீடும் கயிற்றுக்கேற்ப இருக்க வேண்டும்: எஃகுக்கு உருளைகள் உள்ளது, செயற்கைக்கு வழவழப்பான அலுமினியம். எஃகு உரசி வடுப்பட்ட பழைய உருளையில் புதுச் செயற்கைக் கயிற்றை ஓடவிட்டால் அது நாராகக் கிழியும்.

இப்போது பொருத்துவது. இங்கேதான் நம்மில் பலர் பின்வாங்குகிறோம். "நமக்கெதற்கு, மெக்கானிக் பார்த்துக்கொள்வார்." கிரீஸ் பட்டால் பட்டம் அழிந்துவிடுமா? கணினியில் பத்தாயிரம் வரி நிரல் எழுதுகிறவர் நான்கு போல்ட்டுகளைக் கண்டு ஏன் நடுங்க வேண்டும்? மெக்கானிக் மாட்டித் தரட்டும், தப்பில்லை. காட்டுக்குள் ஒரு நட் தளர்ந்தால் அந்த மெக்கானிக்கும் கூடவே வருவாரா?

உங்கள் மாடலுக்கென்றே செய்த மவுன்ட் தகட்டை வாங்குங்கள். முன்புற பிளாஸ்டிக்கைக் கழற்றுங்கள். வின்ச்சோடு வந்த போல்ட்டுகளை மட்டுமே போடுங்கள். நீளமானதைப் போட்டால் வின்ச்சின் அடிப்பாகம் சேதமாகும், பிடிப்பும் கெட்டியாகாது. கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். கை உணர்வை நம்பாதீர்கள். கயிறு டிரம்மின் அடிப்பக்கமாக வந்து சுற்ற வேண்டும். மேல் பக்கமாகத் தலைகீழாகச் சுற்றிவிட்டால் டிரம்முக்குள் இருக்கும் பிரேக் சுமையைத் தாங்காது. இதெல்லாம் பார்த்துச் செய்தால் கைவரும் வேலை.

ஒயர் என்றதும் முகம் வெளுக்கிறது, இல்லையா? வெளுக்கட்டும், பிறகு நிதானமாகப் படியுங்கள். முதல் வேலை, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுவது. எல்லாம் முடிந்தபின் கடைசியாக மாட்ட வேண்டியதும் அதே நெகட்டிவ்தான். பெட்டியில் கான்டாக்டர் என்று ஒரு சின்னக் கட்டை இருக்கும். அதில் நான்கு தடித்த முனைகள்: இரண்டு பேட்டரிக்கு, இரண்டு மோட்டாருக்கு. முழுச் சுமையில் இழுக்கும்போது மோட்டார் 200 ஆம்பியரையும் தொடக்கூடும். 12 வோல்ட்டில் அது 2,400 வாட், மூன்று குதிரைத் திறனுக்கும் மேல். இத்தனை மின்சாரம் டாஷ்போர்டில் இருக்கும் சின்ன சுவிட்ச் வழியாகப் போனால் அது எரிந்துபோகும். அதனால்தான் கான்டாக்டர். சுவிட்ச் ஒரு சின்னச் சைகை கொடுக்கும், பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடுவதும் திசை மாற்றுவதும் கான்டாக்டரின் வேலை. சுவிட்சுக்குப் போகும் மெல்லிய ஒயர்களில் ஒன்று, சாவி போட்டால் மட்டுமே உயிர்பெறும் இணைப்பிலிருந்து வர வேண்டும். அப்போதுதான் சாவி இல்லாமல் குழந்தை விளையாட்டாக அழுத்தினாலும் டிரம் சுழலாது. தடித்த ஒயர்களை சைலன்சர் பக்கமோ, கூரான தகட்டு ஓரத்திலோ, சஸ்பென்ஷன் ஆடும் இடத்திலோ கொண்டுபோகாதீர்கள். உறைக்குள் போட்டு, டை கட்டிச் சட்டகத்தோடு இறுக்குங்கள். "இழு" என்று அழுத்தும்போது கயிற்றை வெளியே தள்ளினால் கலங்க வேண்டாம். கையேட்டின் படத்தை மறுபடி பார்த்து, மோட்டாருக்குப் போகும் இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றினால் சரியாகிவிடும்.

மாட்டி முடித்ததும் படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பத் தோன்றும். பொறுங்கள். கயிறு தொழிற்சாலையில் தளர்வாகச் சுற்றி வந்திருக்கும். லேசான சரிவில் வண்டியை நிறுத்தி, கயிற்றை ஒரு மரத்தில் கட்டி, வண்டியைத் தானே மேலே இழுக்கவிட்டு, சுமையோடு ஒழுங்காக மறுபடி சுற்றுங்கள். இல்லாவிட்டால் முதல் பெரிய இழுப்பில் மேல் அடுக்கு கீழ் அடுக்குகளுக்குள் புதைந்து சிக்கிக்கொள்ளும். கயிற்றை முழுவதும் வெளியே விடாதீர்கள். டிரம்மோடு கயிற்றை இணைத்திருக்கும் சின்னப் பிடிப்பு சுமை தாங்குவதற்கானது அல்ல, சுற்றுகளின் உராய்வுதான் தாங்குகிறது. எஃகானால் குறைந்தது 5 சுற்று, செயற்கையானால் 10 சுற்று டிரம்மிலேயே இருக்கட்டும்.

இத்தனை வீரம் பேசிய நான் ஒரே ஓர் இடத்தில் பயப்படச் சொல்கிறேன். விறைத்து நிற்கும் கயிற்றைக் கண்டு பயப்படுங்கள். அதற்குள் சேர்ந்திருக்கும் ஆற்றல் அறுந்த கணத்தில் எலும்பை முறிக்கும். கயிற்றைத் தாண்டிக் கால் வைக்காதீர்கள். அதன் வரிசையில் யாரையும் நிற்கவிடாதீர்கள். நடுவில் கனமான கம்பளியையோ பையையோ போட்டு வையுங்கள். கையுறை போடுங்கள். கொக்கியைக் கயிற்றின் மீதே திருப்பி மாட்டாதீர்கள். மரத்தில் அகலமான பட்டையைச் சுற்றி, அதில் ஷேக்கிள் என்னும் இணைப்பு வளையத்தைப் போட்டு இழுங்கள்; மரமும் பிழைக்கும், கயிறும் பிழைக்கும். யூட்டாவின் மோவாப் போன்ற வெறும் பாறை நிலத்தில் மரமே கிடைக்காமல் போகலாம். அங்கே கூட வரும் இன்னொரு வண்டிதான் நங்கூரம், அதனால் தனியாகப் போகாதீர்கள். இஞ்சினை ஓடவிட்டே இழுங்கள், கொஞ்சம் இழுத்து மோட்டாரை ஆறவிடுங்கள். இந்த வரிகளைப் படித்துவிட்டு "அய்யோ, எனக்கு வேண்டாம்" என்று பின்வாங்குபவர் ஒருவர் இருப்பார், "சரி, இவ்வளவுதானே" என்று குறித்துக்கொள்பவர் ஒருவர் இருப்பார். இரண்டாமவரின் வண்டியில் காட்டுக்குள் வர நான் தயார்.

எனவே, வாங்கி வைத்த வின்ச் பெட்டியைப் பிரிக்காமல் கராஜ் மூலையில் போட்டிருக்கும் நண்பரே, இந்தச் சனிக்கிழமை காலை வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். வண்டியின் கையேட்டைத் திறந்து மொத்த எடையைப் பாருங்கள், 1.5-ஆல் பெருக்குங்கள். கையில் இருக்கும் வின்ச்சுக்கு அது ஒத்துவந்தால், பத்து எண் ஸ்பேனரை எடுத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, வேலையைத் தொடங்குங்கள்.