காயங்களோடு எழுந்தவர்

மரணத்துக்குப் பிறகும் வாழ்வு தொடரும் என்கிற ஆறுதல்தான் உயிர்த்தெழுதல் என்று கிறிஸ்தவர்களிலேயே பலர் எண்ணுகிறார்கள். அவ்வளவுதான் என்றால் அதற்கு ஈஸ்டர் தேவைப்பட்டிருக்காது. ஆன்மா அழியாது என்று இயேசுவுக்கு ஏறக்குறைய நானூறு ஆண்டுகளுக்கு முன்பே பிளேட்டோ வாதிட்டு எழுதிவிட்டார். அவர் வாழ்ந்த அதே ஏதென்ஸில் பவுல் பேசியபோது, உலகைப் படைத்த கடவுளைப் பற்றி அவர் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் சிலர், இறந்தவர் எழுப்பப்பட்டார் என்றதும் எள்ளி நகைத்தார்கள் என்கிறது திருத்தூதர் பணிகள் நூல். அவர்களை உறுத்தியது உடல். சிதைக்கப்பட்ட ஓர் உடலைக் கடவுள் இவ்வளவு பொருட்படுத்துவாரா? பொருட்படுத்துவார் என்பதே இந்த நம்பிக்கையின் உயிர்நாடி என்று நினைக்கிறேன். அநியாயமாகக் கொல்லப்பட்டவர் பக்கம் நின்று கடவுள் எழுதிய தீர்ப்பு அது. ஆறுதல் அந்தத் தீர்ப்பிலிருந்து பிற்பாடு வருவது.

இந்த நம்பிக்கை யூதர்களிடையே எப்போது கூர்மை பெற்றது என்று பார்த்தால் இது விளங்கும். பழைய எபிரேய நூல்கள் பெரும்பாலும் இறந்தவர்கள் போய்ச்சேரும் இருண்ட பாதாளத்தைப் பற்றித்தான் பேசுகின்றன. கி.மு. 167 வாக்கில் நான்காம் அந்தியோக்கு மன்னன் யூத வழிபாட்டைத் தடைசெய்து, பணிய மறுத்தவர்களைக் கொன்றான். கட்டளையைக் கைவிட்டவன் பிழைத்தான், கடைப்பிடித்தவன் செத்தான். நேர்மையாளனுக்கு நீண்ட ஆயுள் என்ற பழைய கணக்கு அங்கே பொய்த்துப்போனது. தானியேல் நூலும் மக்கபேயர் இரண்டாம் நூலும் உயிர்த்தெழுதலை வெளிப்படையாகப் பேசுவது அந்த ரத்தத்தின் பின்னணியில்தான். மக்கபேயர் நூலின் 7ஆம் அதிகாரத்தில் ஏழு சகோதரர்கள் தாயின் கண்முன்னே ஒவ்வொருவராகச் சித்திரவதை செய்யப்படுகிறார்கள். மூன்றாமவன் நாக்கையும் கைகளையும் தானே நீட்டுகிறான். கடவுள் கொடுத்த இவற்றை அவரிடமிருந்தே திரும்பப் பெறும் நம்பிக்கை தனக்கு இருப்பதாகச் சொல்கிறான். வெட்டப்பட்ட அந்தக் கையே வேண்டும் என்பதுதான் அவன் வழக்கு.

இயேசுவின் சாவையும் இந்த வழக்கோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். ரோம் சிலுவையை முக்கியமாக அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் வைத்திருந்தது. கி.மு. 71இல் ஸ்பார்ட்டகஸின் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபோது கப்புவாவிலிருந்து ரோம் வரை சாலையோரம் 6,000 பேர் அறையப்பட்டார்கள். உயிரைப் பறிப்பதோடு அது நிற்பதில்லை. இவன் மனிதக் கணக்கிலேயே சேராதவன் என்று ஊருக்குக் காட்டும் ஏற்பாடு. அப்படிச் செத்த ஒருவரைக் கடவுள் எழுப்பினார் என்றால், ரோமின் தீர்ப்பு தள்ளுபடியாகிவிட்டது என்று பொருள். யோவான் நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில், பூட்டிய அறைக்குள் வந்து நிற்கும் உடலில் ஆணித் துளைகளும் விலாக் காயமும் அப்படியே இருக்கின்றன. பூட்டிய கதவு தடுக்காத உடலுக்கு ஒரு காயத்தைத் துடைத்துக்கொள்வது கடினமா? அதே அதிகாரத்தில் மகதலா மரியா அவர் முகத்தைப் பார்த்தும் தோட்டக்காரர் என்றுதான் நினைத்தார். சென்னைப் பரங்கிமலையோடு மரபு இணைத்துச் சொல்லும் தோமா, காயங்களைக் கண்டு, தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்றார். கரவாஜ்ஜோவின் ஓவியத்தில் அவர் விரல் விலாவுக்குள்ளேயே நுழைகிறது; யோவானோ அவர் தொட்டதாக எழுதவில்லை. காட்டப்பட்டதே அவருக்குப் போதுமாயிருந்தது. இழைக்கப்பட்ட கொடுமையின் தடயமே எழுந்தவரின் அடையாளமாகிவிடுகிறது.

இறந்தவர் எழுவதில்லை, சாட்சியங்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை என்று மறுப்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கல்லறைக்குப் போன பெண்கள் யார் யார், சீடர்கள் அவரைக் கண்டது கலிலேயாவிலா எருசலேமிலா என்பதில் நற்செய்திகள் வேறுபடுகின்றன. கி.பி. 55 வாக்கில் பவுல் கொரிந்தியருக்குத் தரும் சாட்சிப் பட்டியலில் பெண்களின் பெயரே இல்லை. நான்கு நற்செய்திகளிலும் முதலில் போவது பெண்கள். இரண்டாம் நூற்றாண்டில் கிறிஸ்தவத்தை எதிர்த்து எழுதிய செல்சுஸ், பித்துப்பிடித்த ஒரு பெண்ணின் பேச்சு என்று இதை ஏளனம் செய்தார். கட்டுக்கதை என்றால் இப்படி ஏளனத்துக்கு இடம் கொடுக்கும் சாட்சிகளை வைத்திருப்பார்களா என்று கேட்கலாம்தான். இருந்தும், சீடர்கள் வெகு விரைவிலேயே இதை நம்பினார்கள் என்பது வரைக்கும்தான் வரலாறு நம்மைக் கொண்டுபோகும். அதற்கப்பால் இருப்பது விசுவாசம். அந்த எல்லையை மறைப்பதால் விசுவாசத்துக்கு ஒரு லாபமும் இல்லை.

அப்படியானால் எழுந்தது சீடர்களின் நம்பிக்கைதான் என்று வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். சிலுவையின் பொருள் சீடர்களுக்குப் புலப்பட்டதே உயிர்ப்பு என்ற திசையில்தான் இறையியலாளர் ருடோல்ஃப் புல்ட்மான் விளக்கினார். இதை என்னால் ஏற்க முடியவில்லை. சீடர்கள் தேறிக்கொண்டார்கள், சரி; கொல்லப்பட்டவருக்கு என்ன கிடைத்தது? 1937இல் வால்டர் பெஞ்சமினுக்கு எழுதிய கடிதத்தில் தத்துவவாதி மாக்ஸ் ஹோர்க்ஹைமர் இதைக் கண்டிப்பாகவே சொன்னார்: நடந்த அநீதி நடந்து முடிந்துவிட்டது, கொல்லப்பட்டவர்கள் கொல்லப்பட்டவர்கள்தான், அது இன்னும் முடியவில்லை என்பவர் இறுதித் தீர்ப்பை நம்பியாக வேண்டும். அந்த நம்பிக்கை இல்லாத அவர்தான் கேள்வியைச் சரியான இடத்தில் வைத்தார். இறந்தவர்களை நினைவில் வைத்திருப்பது பெரிய காரியம். ஆனால் அந்தச் சாலையோரச் சிலுவைகளில் தொங்கிய ஒருவருடைய பெயரும் நமக்குத் தெரியாதே, அவர்களுக்கு நம் நினைவு என்ன நீதி செய்யும்?

மறுமையைக் காட்டி இம்மையில் அடங்கிக் கிடக்கச் சொல்லும் போதனை இது என்ற குற்றச்சாட்டுதான் எனக்கு எல்லாவற்றிலும் கனமாகப் படுகிறது. அடிமைகளை வைத்திருந்தவர்கள் அப்படித்தான் பிரசங்கிக்க வைத்தார்கள். திருச்சபையும் அதற்குத் துணைபோயிருக்கிறது. அந்தப் பிரசங்கத்துக்கு உடலை மறந்த ஒரு சொர்க்கம் வசதியாக இருந்தது. உடலே எழும் என்று நம்பியவர்களிடம் அது செல்லவில்லை. கி.பி. 177இல் லியோன் நகரில் கொல்லப்பட்ட கிறிஸ்தவர்களில் பிளாண்டினா என்ற அடிமைப் பெண்ணும் ஒருவர். அங்கே கொன்றவர்கள், உடல்களை ஆறு நாள் வெட்டவெளியில் போட்டு, எரித்து, சாம்பலை ரோன் ஆற்றில் தள்ளினார்கள். மீண்டும் எழுவோம் என்ற துணிவுதான் இவர்களைச் சாவுக்கு அஞ்சாதவர்களாக்குகிறது, அதை இல்லாமல் செய்துவிடலாம் என்பது அவர்கள் கணக்கு என்று திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியுஸ் பாதுகாத்துத் தந்த கடிதம் சொல்கிறது. இந்த நம்பிக்கை இம்மையை விட்டு விலகச் சொல்வதும் இல்லை. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 15ஆம் அதிகாரம் முழுக்க உயிர்த்தெழுதல் பற்றிய வாதம். உங்கள் உழைப்பு வீண்போகாது என்ற உறுதியோடு அது முடிகிறது. அதிகாரப் பிரிவுகள் பதின்மூன்றாம் நூற்றாண்டில் போடப்பட்டவை. அவற்றை எடுத்துவிட்டுப் படித்தால், மூச்சுவிடாமல் அடுத்த வரியிலேயே பவுல் எருசலேமின் ஏழைகளுக்கான காணிக்கைக்கு வந்துவிடுகிறார்: வாரத்தின் முதல் நாள்தோறும் அவரவர் வருமானத்துக்கு ஏற்றபடி ஒரு தொகையைத் தனியே எடுத்துவைக்க வேண்டும், தான் வந்த பிறகு வசூலுக்கு அலையக் கூடாது.