விடுவதற்காகப் பிடித்தல்

மீனைப் பிடித்து, அதன் வாயிலிருந்து முள்ளைக் கழற்றி, மீண்டும் நீரிலேயே விட்டுவிடுகிறவன் ஜீவகாருண்யம் உடையவனா, அல்லனா என்னும் வினா நெய்யாற்றின் கரையில் வாழ்கிறவர்களுக்கு வேடிக்கையாகவே தோன்றக்கூடும். ஏனெனில், பாறசாலை முதல் நெய்யாற்றின்கரை வரையிலுள்ள எல்லைக் கிராமங்களில், தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் கலந்து புழங்கும் வீடுகளில், ஒருவன் தூண்டில் போடுவது மரச்சீனிக் கிழங்குக்கு மீன்கறி வேண்டும் என்பதற்காகவேயன்றி வேறொன்றுக்காக அன்று. மூங்கில் கம்பின் நுனியில் தங்கூஸைக் கட்டி, முள்ளின் வளைவு மறையும்படி மண்புழுவைக் கோத்து எறிந்துவிட்டு, தக்கை அமிழும் கணத்துக்காக அவன் கரையில் குந்தியிருக்கிறான். கெளுத்தி சிக்கினால், அதன் செட்டை முள் கையில் தைக்காதவாறு விரல்களைப் பின்புறமாகக் கொடுத்துப் பிடித்து, ஓலைப்பெட்டியில் போட்டு மூடிவிடுகிறான். அவனுடைய செயலில் ஹிம்சை உண்டு என்பது வெளிப்படை. அவனும் அதை மறைப்பதில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு வழக்கம் அமெரிக்கக் கண்டத்தின் பசிபிக் கரையோர நதிகளில் நிலவுகிறது. ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிடுவதற்காக ஆற்றுக்கே திரும்பிவரும் ஸ்டீல்ஹெட் என்னும் மீனுக்காக, இறகையும் நூலையும் முள்ளில் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சியை வீசிக்கொண்டு, குளிர்ந்த நீரில் இடுப்பளவு இறங்கி நாள் முழுவதும் நிற்கிறார்கள். ஒரு மீன்கூடத் தட்டுப்படாமல் திரும்பும் நாட்களே அதிகம். நம் நாட்டிலும் இந்த மீனின் உறவு இல்லாமலில்லை. நீலகிரியின் அவலாஞ்சி நீரோடைகளிலும் மூணாற்று மலைகளிலும் ஆங்கிலேயர் கொணர்ந்து விட்ட வானவில் டிரவுட் இதே இனம்தான். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், இயற்கையாகப் பிறந்த ஸ்டீல்ஹெட்டை உயிரோடு விட்டுவிட வேண்டும் என்பதும், அதற்கு இடும் முள்ளில் எதிர்முள் இருத்தலாகாது என்பதும் சட்டம். அருகிவரும் ஓரினத்தைக் காக்க எழுந்த அந்தச் சட்டத்தை நாம் குறைகூற இயலாது. ஆனால் சட்டம் சொல்வது, பிடித்தால் விட்டுவிடு என்பதே. பிடிக்கத்தான் வேண்டுமா என்பது தர்மத்தின் கேள்வி.

இவ்வாறு நிற்பது ஒரு தியானம் என்றும், மீன் வந்தாலும் வராவிட்டாலும் சித்தம் கலங்காமல் வீசிக்கொண்டிருப்பது நிஷ்காம கர்மமே என்றும் அதன் ரசிகர்கள் கூறலாம். நிலைபெற்ற பொறுமை மட்டுமே தவமாகுமானால், கொக்கைக் காட்டிலும் பெரிய தபஸ்வி இல்லை. இதே நெய்யாற்றின் கரையில், அருவிப்புறத்தில், ஸ்ரீ நாராயண குரு தவமிருந்தார். 1888-ஆம் ஆண்டு சிவராத்திரியன்று அந்த ஆற்றிலிருந்தே ஒரு கல்லை எடுத்துச் சிவலிங்கமாகப் பிரதிஷ்டை செய்து, கோயில் வாயில் அடைக்கப்பட்டிருந்த மக்களுக்கு ஒரு வழிபாட்டிடத்தைத் திறந்துவைத்தார். அந்தத் தவத்துக்குப் பெருமை தந்தது அது எவ்வளவு நேரம் அசையாதிருந்தது என்பதன்று, அது எதன்பொருட்டு இருந்தது என்பதே. பின்னாளில் 'ஜீவகாருண்ய பஞ்சகம்' பாடிய அவர், உயிர்கள் யாவும் சகோதரர் என்றால் அவற்றைக் கொல்வது எங்ஙனம் தகும் என்று கேட்டார்.

திருவள்ளுவர், புலால் மறுத்தல் அதிகாரத்தில், உண்பவர் இல்லையேல் கொன்று விற்பவரும் இல்லை என்ற கருத்தை நிறுவி, கொலையின் வேரை உண்பவனிடத்தில் காண்கிறார். அந்த நியாயத்தை ஸ்டீல்ஹெட்டின் நதிக்குக் கொண்டுசென்றால், அங்கே உண்பவனே இல்லை. மீனும் ஆற்றில் நுழைந்தபின் பெரும்பாலும் இரை தேடுவதில்லை. பழக்கத்தாலோ சினத்தாலோதான் அது பொய்ப்பூச்சியைக் கவ்வுகிறது என்று கருதுகிறார்கள். பசியில்லாத மீனைப் பசியில்லாத மனிதன் பிடிக்கிறான். வதைக்கு வேராக அங்கே எஞ்சி நிற்பது, உயிரொன்று தன் கைப்பிடியில் துள்ளுவதை உணர வேண்டும் என்ற விநோதம் ஒன்றே. நதியும் தனிமையும் மட்டுமே அவனுக்குப் போதுமென்றால், முள்ளில்லாத நூலை வீசிக்கொண்டு நிற்க என்ன தடை? முள் வேண்டியிருக்கிறது என்பதே அவன் பலனை விட்டவன் அல்லன் என்பதற்குச் சாட்சி.

பிடித்த மீனை விட்டவர் ஒருவர் நம் மரபிலும் உண்டு. நாகப்பட்டினத்து நுளைப்பாடியில் பரதவர் தலைவராக விளங்கிய அதிபத்த நாயனார், நாள்தோறும் கிடைப்பவற்றில் ஒரு மீனைச் சிவபெருமானுக்கென்று கடலில் விடுவதை விரதமாகக் கொண்டிருந்தார். ஒரு மீனே அகப்பட்ட நாட்களிலும், வறுமையால் சுற்றத்தார் பட்டினி கிடந்தபோதும், அதையே விட்டார். முடிவில் பொன்மீன் ஒன்று வந்தபோதும் அதையும் விட்டார் என்று பெரியபுராணம் கூறுகிறது. அவர் விட்டது, அன்றைய உலைக்கு வேண்டியிருந்த மீன். விளையாட்டாகப் பிடிப்பவன் விடுவதோ, தொடக்கத்திலேயே அவனுக்கு வேண்டாத மீன்; தன் இன்பத்தை முற்றப் பெற்றுக்கொண்ட பிறகு எஞ்சியதை நீரில் விடுகிறான். தேவையானதை இழக்கச் சம்மதிப்பதுதான் தியாகம். தேவையற்றதைத் திருப்பித் தருவதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

எனவே, கொல்லாமையே தலையாய அறம் என்று கொண்டாலும், அதற்குக் கீழேயுள்ள படிகளில், குழம்புக்காகப் பிடிக்கிற நெய்யாற்றுக்காரனை விளையாட்டுக்காகப் பிடித்து விட்டுவிடுகிறவனுக்கு மேலே வைக்கவே என் மனம் ஒப்புகிறது. ஆயினும், பசி என்ற நியாயம் பசியின் அளவு வரைதான் செல்லும். தோட்டா வெடித்தும் நஞ்சு கலக்கியும் ஒரு கயத்தின் மீனையெல்லாம் குஞ்சோடு வாரிச் செல்கிறவன், உலையின் பெயரைச் சொல்லித் தப்ப முடியாது. அவனோடு ஒப்பிடுகையில், எதிர்முள் நீக்கிய தூண்டிலோடு நிற்கும் அந்நியனே அறத்துக்குச் சற்று அணுக்கமானவன்.