கப்பல் நோட்டு

"இருபது வருஷமா ஓடிக்கிட்டே இருக்க. மூணு நாள் கப்பல்ல போய் ஒண்ணும் செய்யாம உக்காரு" என்றார் என் இணையர். 2022ஆம் ஆண்டு ஜூன் மாதம். சென்னைத் துறைமுகத்திலிருந்து உல்லாசக் கப்பல் புறப்படத் தொடங்கிய புதிது. புதுச்சேரியில் கரையிறங்க அனுமதி மறுக்கப்பட்ட செய்திகூட நாளிதழ்களில் வந்துகொண்டிருந்தது. நாங்கள் பார்த்தது அதைவிடச் சிறிய பயணம். கடலில் இரண்டு இரவு இருந்துவிட்டு அதே துறைமுகத்துக்குத் திரும்பிவிடும். அத்தை, நாங்கள் இருவர், பிளஸ் ஒன் படிக்கும் மகள், ஆறாம் வகுப்பு மகன் என ஐந்து பேர்.

அவர் அன்பாகத்தான் சொன்னார். அன்று இரவே நான் நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து முதல் பக்கத்தில் 'கப்பல்' என்று எழுதி அடிக்கோடிட்டேன். ஒன்றும் செய்யாமல் உட்காருவதற்கான வேலை தொடங்கிவிட்டது.

ஜன்னல் உள்ள அறையா, இல்லாத அறையா, வித்தியாசம் எவ்வளவு? அத்தையோடு யார் படுப்பது? அத்தையின் சர்க்கரை மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை, மகனுக்கு வாந்தி வந்தால் அவோமின். ஆதாரில் அத்தையின் பெயருக்கு ஓர் எழுத்து கூடுதலாக இருப்பதைக் கப்பலில் கேட்பார்களா? மகளின் மாதவிலக்குத் தேதியை எண்ணிப் பார்த்தேன், பயணத்தின் இரண்டாம் நாளில் விழுந்தது. அதை நோட்டில் எழுதாமல் ஒரு சிறு வட்டம் மட்டும் போட்டேன். என் வீட்டில், என் சொந்த நோட்டில் ஏன் வட்டம் போட்டேன் என்பது தனிக் கட்டுரைக்கு உரியது.

தமிழிலக்கியம் படித்தவளுக்குக் கப்பல் என்றதும் தொல்காப்பியம் நினைவுக்கு வராமல் போகாது. பெண்ணோடு கடல்வழிச் செல்லும் வழக்கம் இல்லை என்கிறது அகத்திணையியல். இளம்பூரணர் அதைக் கலத்தில் செல்லும் பிரிவு என்றே கொள்கிறார். நச்சினார்க்கினியர் அங்கே கடலே இல்லை என்பதுபோல, ஓதல், தூது, பொருள் என்ற மூன்று காரணங்களாகப் பிரித்து உரை எழுதுகிறார். எந்த உரையை எடுத்தாலும் தலைவி வீட்டில்தான் இருக்கிறாள். மணிமேகலை கடல் கடக்கிறாள். ஆனால் மணிபல்லவத்துக்கு அவளைத் தூங்கும்போது தெய்வம் தூக்கிக்கொண்டு போகிறது. மூட்டை கட்டாமல் பயணம் போன ஒரே தமிழ்ப் பெண் அவள்தான் என்று வகுப்பில் சொன்னால் மாணவிகள் சிரிப்பார்கள்.

ஒருமுறை ஒரு மாணவி சிரிக்காமல் கேட்டாள். "மேடம், அப்ப கூலிக் கப்பல்ல போனவங்க?" அவள் கேட்டது சரி. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தபோது அதில் பெண்களும் இருந்தார்கள். கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டபோது இலக்கண விதி யாருக்கும் குறுக்கே நிற்கவில்லை.

நோட்டுக்கு வருகிறேன். அலிசன் டாமிங்கர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 2019இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். 35 தம்பதியரிடம் பேசி, வீட்டின் மனவேலையை நான்காகப் பிரித்தார். தேவையை முன்கூட்டி உணர்வது, வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, பிறகு அது நடக்கிறதா என்று கண்காணிப்பது. முதலும் கடைசியும் பெரும்பாலும் பெண்ணின் தலையில் விழுகின்றன. முடிவெடுப்பதில் மட்டும் இருவரும் ஏறக்குறையச் சமமாகப் பங்கேற்கிறார்கள். படித்தபோது எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். நான் ஏழு நாள் தேடி மூன்று அறைகளைத் தேர்ந்து காட்டுவேன். அவர் "ரெண்டாவது நல்லா இருக்கு" என்பார். 'நாங்கள் சேர்ந்து முடிவெடுத்தோம்' என்று இருவருமே உறவினர்களிடம் சொல்வோம். அது பொய்யும் அல்ல.

இந்தியாவின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 97 நிமிடம். பாத்திரம் துலக்கிக்கொண்டே ஆதார் எழுத்தைப் பற்றி நான் கவலைப்பட்ட நிமிடம் அங்கே பாத்திரத்தின் கணக்கில்தான் போகும்.

இதுவரை எழுதியதில் நான் பாதிக்கப்பட்டவளாக மட்டுமே இருக்கிறேன். அது முழு உண்மை அல்ல. நோட்டின் பதினோராம் பக்கத்தில் இப்படி ஒரு வரி: "3 நாள் வீடு காலி. அக்காவை அலமாரி, சமையலறை பரண் முழுசா துடைக்கச் சொல்லணும்." எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அக்காவைத்தான் சொல்கிறேன். மகள் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள், "நாம ரெஸ்ட் எடுக்கப் போறோம்னா அவங்களுக்கு ஏம்மா டபுள் வேலை?" எனக்குப் பதில் வரவில்லை. அடுத்த நாள் அக்காவிடம் மூன்று நாளும் வரவேண்டாம், சம்பளத்தில் பிடிக்கமாட்டேன் என்றேன். "எதுக்கும்மா, நான் ஏதாச்சும் தப்பு பண்ணிட்டனா?" என்றுதான் அவர் முதலில் கேட்டார். சம்பளத்தோடு விடுப்பு என்பது அவருக்கு வேலையை விட்டு நிறுத்துவதன் முன்னறிவிப்பாகத் தெரிந்திருக்கிறது. பதினொரு வருடமாக எங்கள் வீட்டுக்கு வருகிறவர்.

அதன் பிறகுதான் ஒரு பொறுப்பையாவது முழுதாகக் கைமாற்றிப் பார்ப்போம் என்று தோன்றியது. தாம்பரத்திலிருந்து துறைமுகம் வரை ஐந்து பேரும் மூட்டைகளும் போய்ச் சேர்வதை இணையரிடம் கொடுத்தேன். "முழுக்க உங்க பொறுப்பு. நான் கேட்கவே மாட்டேன்." அவர் உற்சாகமாக ஏற்றுக்கொண்டார். இரண்டு நாளில் முடிவும் சொன்னார்: மின்சார ரயில். கடற்கரை நிலையத்தில் இறங்கினால் எதிரே ராஜாஜி சாலை, அதற்கப்பால் துறைமுகம். சரக்குப்பெட்டி லாரிகள் நிற்கும் சாலையில் காரில் மாட்டிக்கொண்டால் கப்பல் காத்திருக்காது என்றார். நல்ல காரணம்தான். எனக்கோ அத்தையின் முழங்காலும் நிலையப் படிக்கட்டும் மட்டுமே கண்ணில் நின்றன. கேட்கமாட்டேன் என்று சொல்லிவிட்டதால் கேட்கவில்லை. யாருக்கும் தெரியாமல் தெரிந்த ஓட்டுநர் ஒருவரிடம் கார் சொல்லிவைத்தேன்.

இதைப் பல நாள் யோசித்திருக்கிறேன். பொறுப்பைக் கொடுத்துவிட்டு மறைவில் இன்னொரு ஏற்பாடு செய்து வைப்பது எந்த வகை அறம்? அத்தை தடுக்கி விழுந்தால் எல்லோரும் என்னைத்தான் பார்ப்பார்கள் என்ற பயம் உண்மை. உறவினர் யாரும் அவரிடம் "அம்மாவை ஏன் ரயிலில் கூட்டிப்போனாய்" என்று கேட்கமாட்டார்கள். ஆனால் அந்தப் பயத்தின் அடியில் இன்னொன்றும் இருந்தது. நான் இல்லாமல் இந்தப் பயணம் ஒழுங்காக நடந்துவிட்டால்? வீட்டில் பெண்ணுக்கு விடப்பட்ட அதிகாரம் இந்த நோட்டளவுதான். பாரம் என்று புலம்பிக்கொண்டே அதை இறுக்கிப் பிடித்திருந்தேன்.

புறப்படும் காலையில் ஓட்டுநர் வாசலில் வந்து ஹாரன் அடித்தார். இணையர் என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "அத்தைக்கு முட்டி வலி, அதான்" என்றேன். அப்போது அத்தை, "என்னை யாராச்சும் கேட்டீங்களா?" என்றார்.

யாரும் கேட்டிருக்கவில்லை. என் நோட்டில் அத்தை மாத்திரைகளாகவும் முழங்காலாகவும் ஆதாரில் ஒரு கூடுதல் எழுத்தாகவும் இருந்தார். அவர் மகனின் திட்டத்தில் அதுவும் இல்லை.

"ரயில்லயே போலாம். பீச் ஸ்டேஷன நான் பாக்கணும்" என்றார். கார் திரும்பிப் போனது. ஓட்டுநருக்குப் பாதிக் காசு கொடுத்தேன்.

ஏறத்தாழ 30 கிலோமீட்டர். பரங்கிமலை தாண்டியதும் அத்தை பேசத் தொடங்கினார். 1964இல் அவருக்குப் பன்னிரண்டு வயது. ரங்கூனில் தாத்தாவின் கடையை அரசு எடுத்துக்கொண்டது. ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். கையில் கிடைத்ததோடு கப்பலேறி, இதே துறைமுகத்தில்தான் வந்து இறங்கியிருக்கிறார்கள். அவர் பர்மாவில் பிறந்தவர் என்று எனக்குத் தெரியும். பர்மா பஜாரைத் தாண்டும்போதெல்லாம் "எங்க ஆளுங்க கடை" என்பார். கப்பலில் வந்தவர் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. இரண்டு மாதமாக எல்லோரிடமும் 'எங்கள் குடும்பத்தின் முதல் கப்பல் பயணம்' என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடற்கரை நிலையத்தின் படிக்கட்டில் அவர் மெதுவாகத்தான் இறங்கினார், மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு. நடுவில் இரண்டு முறை நின்றார். வலித்தது என்று பிறகு ஒத்துக்கொண்டார். அங்கிருந்து ஆட்டோவில் துறைமுக வாசலுக்குப் போனோம். அடையாள அட்டையைப் பார்த்த காவலர் கூடுதல் எழுத்தைக் கவனிக்கவே இல்லை.

உள்ளே வரிசையில் நின்றபோது கேட்டேன். "அப்ப எதையெல்லாம் எடுத்து வச்சாங்க அத்தை, உங்கம்மா?"

"சாமானா? ஞாபகம் இல்லம்மா. எங்க ஆறு பேரையும் எண்ணிக்கிட்டே இருந்தாங்க. ஒண்ணு, ரெண்டுன்னு. கப்பல்ல தூங்கி நான் பாத்ததே இல்ல."

வரிசை நகர்ந்தது. மகன் எங்கே என்று திரும்பிப் பார்த்தேன். அவன் அப்பாவின் பக்கத்தில்தான் நின்றிருந்தான்.